மூலை வெட்டிய மட்டை

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். முதல் உலகப் போரில் ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுப் பட்டணங்கள், சில்லறை கிடைக்காமல் தாங்களே அச்சடித்துக்கொண்ட அவசரக் காசுத் தாள்களைப் பற்றி நான் செமினாரில் பேச வேண்டியிருந்தது. சாப்பிடும்போது அதை வீட்டில் சொன்னேன்.

அப்பா பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிவிட்டு, ஒஸ்லோவுக்கு வந்து பஸ் கழுவுகிறவர். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான்தான்.

"உதென்ன பெரிய புதினம்? எங்கட சங்கக்கடையும் அடிச்சதுதானே," என்று சிரித்தார். கை கழுவிவிட்டுப் போய், சூட்கேசின் அடியிலிருந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்து வந்தார். பிஸ்கட் பெட்டியில் வெட்டியது. அதில் ஊர்க் கூட்டுறவுக் கடையின் ஊதா முத்திரை, மனேஜரின் கையெழுத்து. ஆமி ஊருக்குள் இருந்த காலத்தில் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்ததாம்.

"கொண்டுபோய்க் காட்டு. கவனம், தம்பி."

கொண்டு போனேன். காட்டவில்லை. திரையில் என் பிரெஞ்சுத் தாள்கள் கோபுரமும் நகரச் சின்னமுமாக வந்து போயின. அப்பாவின் துண்டிலோ ஒரு மூலை இல்லை, பின்பக்கத்தில் பாதி பிஸ்கட் படம். இப்படிப்பட்ட காசை யாராவது கையால் தொட்டிருக்கிறீர்களா என்று பேராசிரியர் கேட்டார். என் விரல்கள் சட்டைப்பைக்குள் அதன் மேல்தான் இருந்தன. மற்றவர்களைப் போல நானும் தலையாட்டி இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலை ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார்.

"என்னவாம்?"

"நல்லா இருக்கெண்டவை."

"மூலையைப் பற்றிக் கேட்டவையோ?"

"எந்த மூலை?"

"வெட்டின மூலையடா. ஒரு மூலை வெட்டினா ஒரு ரூவா, ரெண்டு வெட்டினா ரெண்டு. என்னைப்போல எழுத்துத் தெரியாத சனம் ஏமாறக்கூடாதெண்டு மனேஜர் செய்த வேலை. நீ சொல்லேல்லையோ?"

கிழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நான் தேடி எடுத்த அத்தனை தாள்களிலும் வாசிக்கத் தெரியாதவனை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

"சொன்னனான்," என்றேன்.

"அப்ப அது அங்கையே இருக்கட்டும். படிக்கிற இடமெல்லோ. குடுத்திட்டியே?"

"ஓம்."

அந்த மட்டை இப்போதும் என் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அப்பா, "எங்கட சங்கக்கடைக் காசு இஞ்சை யூனிவர்சிட்டியில கிடக்கு. மகன்தான் குடுத்தவன்," என்று தொடங்குவார். நான் தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவேன்.