எர்த்துக்குத் தண்ணீர்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மலைத் தண்ணீர் வழியும் பீலியில் ஒரு கேன் பிடித்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் மண்ணில் இறக்கியிருந்த எர்த் கம்பியைச் சுற்றி ஊற்ற வேண்டும். வேலை தந்தவர் என் தாய்மாமா. மலையில் தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர், ஹட்டனில் வயரிங் படித்துவிட்டு ஸ்டோரில் கரண்ட் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் பிடிக்கும், இல்லாவிட்டால் மெஷின்களில் கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்காமல் மற்ற வயர்களில் ஏறித் தொல்லை தரும் என்பார் மாமா. கொஞ்ச நாள் ஒழுங்காக ஊற்றினேன். மழை ஓய்ந்து பீலி நூலாக வழிய ஆரம்பித்ததும் வரிசை நீண்டது. ஒரு கம்பிக்காக அவ்வளவு நேரம் நிற்பதா என்று விட்டுவிட்டேன். மாமா கேட்கும்போது மட்டும் "ஊத்துனேன் மாமா" என்பேன். சொல்வதற்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாடப்போடும் இடத்தில், சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் பெட்டி ஒன்றை மாமா மாட்டியிருந்தார். அங்கிருந்து ஒரு நீள வயர், தள்ளியிருந்த ஆபீஸில் உள்ள லேப்டாப்புக்குப் போகும். அந்த வாரம், கீழே கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின் ஓடத் தொடங்கினாலே எண்கள் பேயாடத் தொடங்கின. இருபத்து நான்கு என்று நிற்க வேண்டிய சூடு எண்பது என்னும், மறுநொடி ஒன்றுமே வராது. அதை நம்பி ஒரு தொட்டிக் கொழுந்து வீணாய்ப் போனது.

அம்மா கொடுத்த தேத்தண்ணிப் போத்தலோடு நான் ஆபீஸுக்குப் போனபோது, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மாமாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குச் சரியாகலன்னா நாளைக்கு நோர்வூட்ல இருந்து வேற ஆள் வரும். நீ பேசாம மலைக்கே போயிரு."

மாமா வயரை மாற்றியிருந்தார், பெட்டியைக் கழற்றிப் பூட்டியிருந்தார். கடைசியாக லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினார். எண்கள் அடங்கின. திரும்பச் சொருகினார். மறுபடி ஆடின.

"சார்ஜர் வழியாத்தான் ஏறுது, ஸ்டோர் எர்த்துலதான் கோளாறு மாதிரி இருக்குங்க ஐயா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன் மாமா."

"அப்ப எர்த்துல கோளாறு இல்லீங்க" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு, ஏற்கனவே கழற்றிப் பூட்டிய பெட்டியை மறுபடி கழற்ற மாடிக்குப் போனார்.

ஸ்டோரைக் காக்கும் ரோதமுனி சாமிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, பீலிக்கு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் ஏச ஏச நடுவில் புகுந்து தண்ணீர் பிடித்தேன். மூன்று கேன். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வெகுநேரம் மேலேயே நின்றது.

நான் மூச்சிரைக்கத் திரும்பியபோது ரோலர் ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜர் சொருகியிருந்தது. எண்கள் இருபத்து நான்கில் நின்றன. ஐயா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. தான் ஒன்றும் செய்யாமலே சரியானது அவரை உறுத்தியிருக்க வேண்டும். நேராகப் பின்பக்கம் போனார். நானும் போனேன். கம்பிக்குப் பக்கத்தில் குந்தி, மண்ணில் விரலை ஆழமாகக் குத்தி எடுத்தார். விரலின் மேல்பாதியில் சேறு, நுனியில் வெறும் புழுதி. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மண்ணு காஞ்சிருச்சுங்க ஐயா. நான்தான் கவனிக்கல" என்று அவர் ஆபீஸில் சொன்னது என் காதில் விழுந்தது. வேலை தப்பியது. தேங்காயை இன்றுவரை நான் உடைக்கவில்லை.

மறுநாள் பீலி வரிசையில் மாமாவே கேனோடு நின்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் "ஊத்துனியா" என்று என்னிடம் அவர் கேட்கவில்லை. ஒரு வேலை குறைந்ததென்று சந்தோஷமாக விளையாடப் போனேன்.