பாடகர் மாடத்துக்குக் காது வைத்தவள்

எங்கள் பங்குக் கோயிலின் வாசலுக்கு மேலே ஒரு மாடம் உண்டு. பாடகர் குழு அங்கே நின்றுதான் பாடும். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த வருடத்திலிருந்து நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். பிழைப்புக்கு நான் பார்ப்பது கட்டடக் கணக்கு. தொழிற்பேட்டையில் புதிதாக எழும் ஆலைகளுக்குத் தூணும் விட்டமும் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும், உள்ளே எவ்வளவு கம்பி போட வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மாடத்தின் முன் விட்டத்தில் பழைய பெயின்ட்டைச் சுரண்டியபோது, நட்டநடுவில் ஒரு விரிசல் தெரிந்தது. விட்டத்தின் அடியில் தொடங்கி மேலே ஏறியிருந்தது. நகத்தின் நுனி உள்ளே போகும் அகலம். பங்குத் தந்தை எனக்குப் போன் செய்தார்.

"நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிட்டாப் போதும்மா. மேல ஆள ஏத்தலாமா வேணாமான்னு."

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கட்டியபோது போட்ட வரைபடம் எதுவும் கோயிலில் இல்லை. உள்ளே என்ன கம்பி கிடக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. கான்கிரீட் காய்ந்த காலத்திலேயே விழுந்து அப்படியே நின்றுபோன விரிசலாக இருக்கலாம். போன வாரம் வரை வளர்ந்துகொண்டே வந்ததாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதை அப்படியே ஃபாதரிடம் சொன்னேன்.

கீழே நின்றிருந்த எங்கள் குழுத் தலைவருக்கு முகம் வாடிவிட்டது. அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்மோனியம் வாசிப்பார், எல்லோருக்கும் அவர் மாஸ்டர். "இத்தன வருஷமா இதும்மேல நின்னுதானே பாடறோம். நேத்து வரைக்கும் தாங்கினது நாளைக்கு விழுந்துடுமா?" என்றார்.

கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வைத்திருக்கக்கூடிய ஒருத்தியை எனக்குத் தெரியும்.

ஒரு ஆலையில் கிரேன் ஓடும் விட்டத்தை அவள் சோதித்தபோது பார்த்திருந்தேன். பக்கத்துத் தளி ஊர்க்காரி. அப்பா அம்மாவுக்கு அங்கே ரோஜாத் தோட்டமும் கோஸ் வயலும். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவள் இயற்பியல் படித்து, பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் எப்படி உடைகிறது என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தாள். கான்கிரீட்டுக்குள் ஒரு மயிரிழை விரிசல் நகர்ந்தால்கூட ஒரு சத்தம் கிளம்பும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம். அதைப் பிடித்து, இது எந்த வகை விரிசல் என்று பிரித்துச் சொல்ல அவளுடைய குழு ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலைப் பழக்கியிருந்தது. வார இறுதியில் அவள் ஊருக்கு வரும் வழிதானே ஓசூர். போன் செய்தேன்.

"பழைய கட்டடமாக்கா? எங்க லேப்ல எல்லாம் நாங்களே வார்த்த விட்டம்தான். எனக்கே பாக்கணும்னு ஆச. வர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒரு முதுகுப் பையோடும் ஒரு பெட்டியோடும் வந்து இறங்கினாள். பெட்டிக்குள் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில உணரிகள். மாடத்தின் அடியில் அங்கங்கே சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக ஒட்டினாள். எந்த உணரிக்குச் சத்தம் முதலில் வந்து சேர்ந்தது, எதற்குப் பிந்தியது என்பதை வைத்து அது பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாள்.

மாஸ்டர் பின்னாலேயே நடந்தார். "சாயங்காலம் பிராக்டிஸ் இருக்குதும்மா. நாங்க பாடினா உங்க மிஷின் குழம்பிப் போகாதா?"

"குழம்பாது சார். நீங்க பாடற சுருதி அது கேக்கறதுக்கு ரொம்பக் கீழ. வேணும்னாப் பாடிப் பாருங்க."

அவருக்கு நம்பிக்கை இல்லை. நெஞ்சை நிமிர்த்தி ஒரு வருகைப் பாடலை முழுக் குரலில் பாடினார். கோயில் முழுக்க எதிரொலித்தது. மடிக்கணினித் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பிறகு அவள் ஒரு பென்சில் முனையை விட்டத்தின்மேல் அழுத்தி, பட்டென்று ஒடித்தாள். அதே இடத்தில் திரையில் ஒரு புள்ளி பூத்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே வந்து நின்றார்.

"நீங்க கேட்டீங்களாமே சார், நேத்து வரைக்கும் தாங்கினது நாளைக்கு விழுமான்னு, அக்கா சொன்னாங்க. கான்கிரீட்டுக்கு ஒரு குணம் இருக்கு. ஏற்கெனவே தாங்கின பாரத்தத் திரும்ப வெச்சா, நல்லா இருக்கிற கான்கிரீட் சத்தம் போடாது. அதவிட அதிகம் வெச்சாத்தான் புதுசா உடையும், சத்தம் வரும். போன கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீங்க எல்லாரும் இதும்மேல நின்னிருக்கீங்க. அந்தப் பாரத்துல பாதி வெச்சதுக்கே இது பேசுச்சுன்னா, உள்ள எதோ கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்."

மாடத்துக்குக் கீழே, அது இறங்கினால் மட்டும் தாங்கிக்கொள்ளும்படி விரலளவு இடைவெளி விட்டு, இரும்பு முட்டுகள் கொடுக்கச் சொன்னேன். கீழே யாரும் வராதபடி கயிறு கட்டினோம். மேலே வெறும் பிளாஸ்டிக் டிரம்களை வரிசையாக வைத்து, வெளியிலிருந்து குழாய் இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிரப்பினோம். நான் அந்த நடு விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. திரையிலும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. எனக்கு ஆசுவாசமாக மூச்சு வந்த நேரத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

"தண்ணிய நிறுத்துங்க."

திரையில், இடது பக்க விட்டம் பின்சுவருக்குள் நுழைகிற மூலையில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. நேரில் பார்த்தால் அந்த மூலையில் ஒன்றுமே இல்லை. வழுவழுவென்ற பூச்சு, புது வெள்ளை. பாடும்போது நான் எப்போதும் நிற்கும் இடம் அதற்கு நேர் மேலே.

நிரல் சொன்னது, துருப்பிடித்த கம்பி கான்கிரீட்டின் பிடியிலிருந்து நழுவுகிறது என்று. நான் உடனே கொத்தனாரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டேன். அவள் தடுத்தாள்.

"இருங்கக்கா. இது சொல்றத இப்படியே நம்ப வேணாம். இது படிச்சதெல்லாம் லேப் விட்டம். இந்த வயசுக் கான்கிரீட்ட இது பாத்ததே இல்ல. தெரியாததக் கேட்டாலும், தெரிஞ்சதுல கிட்டக்க இருக்கிற ஒண்ணச் சொல்லிரும். தண்ணிய எல்லாம் எறக்கிட்டு மறுபடி ஏத்தணும். ஒட்டினது சரியில்லையோ, சுவருக்கு அந்தப் பக்கம் எதாவது உரசுதோ, எல்லாம் பாத்துரணும்."

டிரம்களைக் காலி செய்தோம். உணரிகளைப் பிரித்து வேறு இடங்களில் ஒட்டினாள். சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்து, அங்கே சாய்த்திருந்த இரும்பு ஏணியை நகர்த்தச் சொன்னாள். நடுவில் அவள் அம்மா போன் செய்தார். "பர்த்தினி அம்மா, பர்த்தினி" என்று வருவதாகச் சொல்லிச் சொல்லியே மதியச் சாப்பாட்டு நேரம் கடந்து போனது. மறுபடி தண்ணீர் ஏற்றினோம். முதல் தடவை எட்டிய அளவு வருவதற்கு வெகு முன்னாலேயே, அதே மூலை மறுபடி பேசியது.

"இப்ப சரி" என்றாள். "ஒரு தடவ வெச்ச பாரத்துக்கே மறுபடி சத்தம் போடுது. இதச் சொல்ல நிரல் வேணாம். இது இயற்பியல். திறந்து பாக்கலாம்."

நான் இருபது வருடம் கட்டடங்களோடு பழகியவள். தன் கருவி சரியாகச் சொன்ன நேரத்திலும் அதை அவ்வளவு கறாராகக் குறுக்கு விசாரணை செய்த ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொத்தனார் சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். முட்டுகளை இறுக்கிவிட்டு, மூலையில் பூச்சைக் கொத்தினார். கான்கிரீட் உளி பட்டதும் பாளம் பாளமாக வந்தது. "துப்பு பட்டிந்தி", துருப்பிடித்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே கம்பி துருவாகச் செதில் விட்டு, விரல் பருமன் இருக்க வேண்டியது பேனா ரீஃபில் அளவுக்கு இளைத்திருந்தது. கூரையில் இரண்டு சரிவுகள் சேரும் இடத்திலிருந்து மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, அந்த மூலையை வருடக்கணக்காக நனைத்து வந்திருக்கிறது.

ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இவள் வராதிருந்தால், எல்லோரும் பயந்த விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாத மூலைக்கு மேலே போய் நின்றிருப்போம். மாஸ்டர் அண்ணாந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். பிறகு அவளிடம் போய், "நான் உங்கள நம்பலம்மா. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

"நம்பாமதானே சார் பாடிக் காட்டினீங்க. எனக்கு அதுதான் புடிச்சது" என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கீழே, குடிலுக்குப் பக்கத்தில் நின்று பாடினோம். இடம் நெருக்கடி. ஆர்மோனியத்தின்மேல் குழந்தைகள் கை வைத்தார்கள், மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. ஜனவரியில் கூரைக் கசிவை அடைத்து, கெட்ட கான்கிரீட்டை எடுத்து, புதுக் கம்பி சேர்த்து, சுவரோரம் ஒரு எஃகுத் தூணும் கொடுத்தோம். கணக்கு என்னுடையது. அவள் மறுபடி வந்து டிரம்களை நிரப்பிக் கேட்டாள். மாடம் வாய் திறக்கவில்லை. ஈஸ்டருக்கு மேலே ஏறினோம்.

அவள் அத்தோடு விடவில்லை. துருப்பிடித்த கம்பிகளை வைத்தே புதிதாக விட்டங்கள் வார்த்து, உடைத்து, நிரலுக்குக் கேட்கக் கொடுத்தாள். பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இடிக்கப்போகிற பழைய கட்டடம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். தெரிந்தால் சொல்வேன். வந்து, இடிப்பதற்கு முன்னால் அதன் சத்தத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

போன மாதம் குந்தாரப்பள்ளி அருகே ஒரு பழைய கிடங்கில் இருவரும் வேலை பார்த்தோம். மேலே டிரம்களில் தண்ணீர் ஏற ஏற, திரையில் ஒரு தூண் பக்கம் புள்ளிகள் விழுந்தன. என்ன வகை என்று சொல்லும் இடத்தில், 'இது எனக்குத் தெரியாத சத்தம், திறந்து பார்க்கவும்' என்று வந்தது.

"பாத்தீங்களாக்கா?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தெரியலைன்னு சொல்லக் கத்துக் குடுக்கத்தான் இவ்வளவு நாள் ஆச்சு."

நான் உளியை எடுத்துக் கொடுத்தேன்.