கோடு விழாத கட்டம்

பாடசாலை அதிபர்களுக்கும் பிரதி அதிபர்களுக்குமான பயிற்சி கலேவெலயில் மூன்று நாள் நடந்தது. பிரதி அதிபர் என்ற முறையில் நான் போனேன். பயிற்சி தந்தவர் சொன்னது எளிய விஷயம். ஓர் ஆசிரியர் இன்னொருவரின் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்கார வேண்டும். குறை பிடிக்க அல்ல, பிள்ளைகளைக் கவனிக்க. பிறகு இருவரும் பேச வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. பாடசாலைக்குத் திரும்பியதும் ஒரு படிவம் தயாரித்து, மேலே ‘மேற்பார்வை’ என்று போட்டேன். வேறு சொல் தோன்றவில்லை.

ஆசிரியர் அறையில் கணித ஆசிரியர் அதைத் தூக்கிப் பிடித்து உரக்க வாசித்தார்.

“கங்காணி வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கப்பா. தடியும் தருவீங்களா மிஸ்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். கொழுந்து எடுக்கும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கங்காணி நின்று சத்தம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்னைப் போய் அப்படிச் சொல்லலாமா என்று அன்று முழுக்க மனம் புழுங்கியது.

மறுநாள் தலைப்பை வெட்டிவிட்டேன். படிவமே வேண்டாம், வகுப்பின் படம் மட்டும் வரைந்தால் போதும் என்றேன். ஒரு கதிரைக்கு ஒரு கட்டம். ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் ஏதாவது கேட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பெயர்கூட எழுத வேண்டாம்.

“இவ்வளவுதானா? அப்ப மொதல்ல என் வகுப்புக்கே வரட்டும்” என்றார் கணித சேர்.

விஞ்ஞான டீச்சர் கணித சேருடைய தரம் ஏழு வகுப்பில் ஒரு பாடவேளை இருந்துவிட்டு வந்தார். என் மகள் படிக்கும் வகுப்பு அது. இடைவேளையில் மூன்று பேரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். சில கட்டங்களில் ஐந்து, ஆறு கோடுகள். மற்றவற்றில் ஒன்றிரண்டு. மூன்றாம் வரிசையில் ஜன்னலோரக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. பயிற்சி வேலை செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

“இந்தப் பிள்ளை இன்னைக்கு வரலையா?” என்று கேட்டேன்.

விஞ்ஞான டீச்சர் சேரைப் பார்த்தார். சேர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

“வந்திருந்தா மிஸ்” என்றார் டீச்சர்.

“அப்ப ஏன் சேர் ஒன்னும் கேக்கல? யாரு அது?”

“மிஸ், அது உங்க மக” என்றார் டீச்சரே.

தினமும் ஒரே பஸ்ஸில் என்னோடு வருகிறவள் வகுப்பில் எங்கே உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

“கோவிக்காதீங்க மிஸ்” என்றார் சேர். அவர் குரலில் கேலி இல்லை. “அவள எழுப்பி, அவளுக்குத் தெரியலன்னா, நான் ஒழுங்கா படிப்பிக்கலன்னு ஆகிரும். நீங்க என் பாடக்குறிப்பப் பாக்கும்போது செவப்புல எழுதுவீங்க. ரெண்டு வருஷமா யாருமே அவள எழுப்புறதில்ல. நான் மட்டும் இல்ல.”

அவளுடைய புள்ளிகள் எப்போதும் நடுத்தரமாகவே வந்துகொண்டிருந்தன. அவற்றை யார் எப்படிப் போட்டார்கள் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

சேர் உன்னை எழுப்பிக் கேட்பதே இல்லையா என்று வீட்டில் அவளிடம் கேட்டேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்.

“கேட்டா மட்டும் என்னம்மா? எனக்குக் கணக்கு ஒன்னும் வெளங்குறதில்ல.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“உங்ககிட்டயா?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அந்த ஒரு சொல் இன்னும் என்னோடு நடக்கிறது. நான் தாழ்வாரத்தில் போகும்போது வகுப்புகள் ஒவ்வொன்றாக அமைதியாகும். அதை ஒழுக்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது அந்த அமைதி வந்தால் என் கால் கூசுகிறது.

அடுத்த வாரம் சேரிடம் போய், “அவளயும் கேளுங்க சேர்” என்றேன்.

“பிழையாச் சொன்னா?”

“சொல்லட்டும்.”

“நீங்க அந்தப் பக்கம் வராம இருந்தீங்கன்னா கேக்குறேன்.”

நேற்று மூன்றாம் பாடவேளையில் அலுவலகத்திலேயே இருந்தேன். தரம் ஏழு வகுப்பு இரண்டு அறை தள்ளித்தான். சேர் அவள் பெயரைச் சொல்வது கேட்டது. கதிரை இழுபடும் சத்தம். பிறகு அவள் ஏதோ சொன்னாள், சன்னமாக. உடனே வகுப்பு முழுவதும் சிரித்தது.

எழுந்து கதவைப் பிடித்துவிட்டேன். நான் போனால் அந்தச் சிரிப்பு ஒரு நொடியில் நின்றுவிடும். அதோடு சேரும் இனி அவளைக் கேட்க மாட்டார். போகவில்லை. அவள் குரல் மறுபடி வருமா என்று மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டில் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக்கும் அவளை எழுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த நாற்பது நிமிடம் நான் எங்கே இருப்பது என்றுதான் தெரியவில்லை.