சிவசங்கரன் சாயா குடிக்கப் போகவில்லை

மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்து ஷெட்டில் முத்துராமலிங்கம் வெகுகாலமாகக் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்த்துவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் கண் மங்க ஆரம்பித்தது. சர்க்கரை வியாதி, போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். வெளியே தெரிந்தால் ஒருத்தனும் வண்டி விடமாட்டான். அதனால் பாக்கியலக்ஷ்மி மத்தியானச் சோற்றோடு ஷெட்டுக்கு வருவாள். வண்டிக்காரர்கள் சாயா குடிக்கப் போகிற நேரம் பார்த்துப் புருஷனுக்கு ஒயர்களின் நிறத்தைச் சொல்லுவாள். மற்றதை அவர் விரல் பார்த்துக்கொள்ளும்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். அந்த நேரம் பார்த்து மிளகு முதலாளியின் அம்பாசடர் வந்து நின்றது. துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்த சாமானை அதில் மாட்ட வேண்டுமாம். வாசலில் நின்று ரிமோட்டை அமுக்கினால் தெருவில் நிற்கிற கார் தானாக ஸ்டார்ட் ஆகுமாம். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தனியாகவே மாட்டிக் கொடுத்துவிட்டார்.

இன்று பாக்கியலக்ஷ்மி சோற்றோடு வந்திருந்த நேரத்தில் முதலாளியின் டிரைவர் சிவசங்கரன் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான்.

"ஆசானே, அமுக்கினா செல்ஃப் சுத்துது, எஞ்சின் பிடிக்கல. சாவி போட்டா ஒரு குழப்பமும் இல்ல. விருந்துக்காரங்க முன்னாடி அமுக்கிக் காட்டி மொதலாளி நாணங்கெட்டுப் போனாரு."

முத்துராமலிங்கம் பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தார். ஃப்யூஸைக் கழற்றி மாட்டினார். ரிமோட்டை அமுக்கிக் காதைக் கொடுத்தார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்குக் கரண்டு போகவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் மாறியிருக்கிறது. அவருக்குப் புரிந்தது பாக்கியலக்ஷ்மிக்கும் புரிந்துவிட்டது.

"சிவசங்கரா, போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாயேன். வெயில்ல வந்திருக்கே."

"வேண்டாம் சேச்சி. சரியாகிற வரைக்கும் வண்டிய விட்டு மாறக் கூடாதுன்னு மொதலாளி பறஞ்சிருக்காரு."

"நாங்க என்ன வண்டியத் தின்னுடுவோமா?"

"நீங்க தின்னமாட்டீங்க. அவரு என்னைத் தின்னுடுவாரு."

சிரித்துக்கொண்டே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

முத்துராமலிங்கம் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு அவள் நிறம் சொல்லக் காத்திருந்தார். அவள் கதவோரம் குனிந்து, "பக்கத்துல இருக்கிறது," என்று முணுமுணுத்தாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் விரல் நின்றது.

"அதில்லீங்க, மஞ்சளுக்கு இந்தாண்ட."

டயர் மேலிருந்த சிரிப்பு நின்றது. சிவசங்கரன் எழுந்து வந்து, உள்ளே கைவிட்டு ஒரு ஒயரை இழுத்துப் பிடித்தான்.

"ஆசானே, இது என்ன கலர்?"

சிவப்பு. அவள் நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முத்துராமலிங்கம் முகத்தை ஒயருக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"பச்சை," என்றார், சந்தேகமே இல்லாத குரலில்.

சிவசங்கரன் ஒயரை விட்டான். கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை. "மதி ஆசானே, போதும். நான் கலூர் ஒர்க்‌ஷாப்புல காட்டிக்கறேன்."

"மொதலாளிகிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"மறைக்க முடியுமா சேச்சி? நாளைக்கு வண்டி தீப்பிடிச்சா?"

சாவியைப் போட்டான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் அவள் சோறு கொண்டுவந்தாள். வண்டிச் சத்தம் கேட்டால் அவர் எழுந்து நிற்பார். சத்தம் வேகம் குறையாமல் தாண்டிப் போகும்.

"யாரு?" என்பார்.

எல்லாம் முன்பு அவரிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த வாடிக்கை டாக்சிகள்தான்.

"யாரோ," என்பாள். "சாப்பிடுங்க."