நீச்சல் டீச்சருக்கு ஒரு பொன்னாடை

போன வருடம் கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் இது நடந்தது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய பள்ளி ஒன்றில் என் மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விளையாட்டு டீச்சருக்கு அன்று பிரிவு உபசார விழா. 'சொந்தக் காரணங்களுக்காக விடைபெறும்' என்று மேடை பேனரில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

நடந்தது என்னவென்று சொன்னால்தான் உங்களுக்கும் எரியும். எங்கள் தெரு ஆண்கள் மீன்பிடிக்கப் போவார்கள்; இல்லையென்றால் என் வீட்டுக்காரரைப் போலக் கப்பலில் வேலை பார்ப்பார்கள். பையன்கள் பால் பல் விழுவதற்குள் நீந்தப் பழகிவிடுவார்கள். பெண்பிள்ளைகளை மட்டும் யாரும் தண்ணீரில் இறக்குவதில்லை. எனக்கும் நீச்சல் தெரியாது. ஒருமுறை மாதா கோயில் திருவிழா சமயத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த என் மகள் திடீரென்று ஒரு பள்ளத்தில் கால் வைத்து உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர் பாய்ந்து போய்த் தூக்கியதால் பிழைத்தாள்.

இதைக் கேள்விப்பட்டு டீச்சர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். விளாத்திகுளம் பக்கத்து வறண்ட காட்டு ஊர்க்காரர்; தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"கடல வாசல்ல வச்சுக்கிட்டு நீச்சல் தெரியாதுன்னா எப்படிக்கா? எங்க ஊர்ல தண்ணியே கிடையாது, நான் பழகலையா?" என்று சண்டைக்கே வந்தார்.

தாய்மார்களாகிய எங்களிடம் கேட்டுக்கொண்டுதான், சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளைச் சுடிதாரோடு ஆழமில்லாத இடத்தில் இறக்கிப் பழக்கினார். என் மகள் மல்லாந்து மிதந்த அன்று நான் கரையில் நின்று அழுதேன்.

ஒருநாள் ஒருத்தன் அதைச் செல்போனில் படம் பிடித்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ஈரத்துணியோடு நம் பிள்ளைகள்; கீழே அசிங்கமாக நாலு வரி. ஊரே கொதித்தது. ஆனால் யார் மேல் தெரியுமா? டீச்சர் மேல்! படம் பிடித்தவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவனை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த ஐஸ் கம்பெனிக்காரர்தான், டீச்சரை அனுப்பியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நியாயம் கேட்கப் போன எங்களை வராந்தாவிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளோ, தாங்கள்தான் ஏதோ கெட்ட காரியம் செய்துவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டே பள்ளிக்குப் போய் வந்தார்கள். என் மகள் கடைக்குக்கூடப் போக மாட்டேன் என்றாள்.

இப்போது அதே ஐஸ் கம்பெனிக்காரர் கையில் பொன்னாடையோடு மேடையில் நின்றார்.

"டீச்சர் நம்ம பிள்ளையளுக்கு இன்னொரு தாய் மாதிரி. அவிய போறது நமக்குப் பெரிய இழப்பு" என்று மைக்கில் குழைந்தார்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"இழப்புன்னா ஏன் அண்ணாச்சி போகச் சொன்னிய?"

பின்னாலிருந்து யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏளா, நல்ல காரியம் நடக்குத இடத்துல சண்ட போடாத. உக்காரு" என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

"எது நல்ல காரியம்? படம் புடிச்சவன் தெருவுல நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கான். உசுரக் காப்பாத்திக்கிடச் சொல்லிக் குடுத்தவிய பொட்டியக் கெட்டுதாவ. இதுக்கு டீயும் மிச்சருமா?"

கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவள் நான். யாராவது கூடச் சேர்ந்து எழுந்திருப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. மேடையிலிருந்த டீச்சர்தான் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்ல. போகச் சொன்னாங்க, போறேன். பிள்ளைங்களா, நீங்க யாரும் எந்தத் தப்பும் செய்யல. யாருக்காகவும் தலையக் குனியாதீங்க."

அவ்வளவுதான் பேசினார். பொன்னாடையை வாங்காமலே இறங்கிவிட்டார். பிள்ளைகள் கை தட்டிய தட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மற்ற ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் அழுதுகொண்டே தட்டினாள்.

மறுநாள் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்றுதான் நினைத்துப் போனேன். வாயில் வந்ததோ வேறு.

"இன்னும் நல்லா நாலு ஏச்சு ஏசிருக்கணும் டீச்சர் நீங்க."

ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார். "மிச்சத்த நீங்க ஏசுங்கக்கா. இங்க இருக்கப் போறது நீங்கதான்" என்றார். பஸ் போய்விட்டது.

இப்போது டீச்சர் வேறு ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கிறார். ஐஸ் கம்பெனிக்காரர் அதே பதவியில்தான் இருக்கிறார். யாரும் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் சில தாய்மார்கள் மட்டும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு கடலுக்குப் போகிறோம். முன்பு நீச்சல் பழகிய எல்லாப் பிள்ளைகளும் இப்போது வருவதில்லை. சில வீடுகளில் இன்றும் விடுவதில்லை. வந்த சின்னப் பிள்ளைகளுக்கு என் மகள்தான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒருநாள் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "ஏலே, போன உள்ள வையி. இல்லன்னா அது கடலுக்குள்ளதான் கெடக்கும்" என்று நான் போட்ட சத்தத்தில் ஆள் இடத்தைக் காலி செய்துவிட்டான்.

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, யார் மேலாவது கோபப்பட்டிருந்தால் அதையும் பாவமென்று சொல்லிவிடுவது என் வழக்கம். இந்த ஒரு கோபத்தை மட்டும் இதுவரை நான் அங்கே சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.