சக்கரத்துக்கு ஒரு கல்

நினைவு இல்லம் பார்க்க ஆசைப்பட்டு நாங்கள் போகவில்லை. உட்கார இடம் தேடித்தான் போனோம்.

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவர். சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது, சென்னைக்குப் போங்கள் என்று உள்ளூர் டாக்டர் கையை விரித்ததும் பஸ் ஏறினோம். முதல் நாள் முழுக்கக் கண்ணை மங்கவைக்கிற மருந்து ஊற்றி, ஒவ்வொரு மெஷினாக முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் சாயந்திரம் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்வாராம். இவர் இனிமேல் வண்டி ஓட்டலாமா, கூடாதா? எங்களுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஜீப்பை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஆசையும் கிடையாது.

லாட்ஜ் அறையைக் காலையிலேயே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நிற்கவே இடமில்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் எங்கே போவது? எனக்கு முதல் நாள் ராத்திரியும் தூக்கமில்லை. முட்டி இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. டீக்கடை அம்மாதான் கையைக் காட்டினாள்.

"அந்தாண்ட ஒரு பங்களா கீது பாரு. பெரிய மனுசன் வாழ்ந்த வூடு. உள்ள ஃபேன் ஓடினு இருக்கும். போய் குந்துங்க."

ஃபேன் ஓடியது உண்மைதான். குந்தத்தான் வழியில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய வக்கீலாக இருந்தவருடைய வீடாம். கூடம் முழுக்க நாற்காலிகள். தேக்கு நாற்காலி, பிரம்பு நாற்காலி, கால் நீட்டிச் சாய்கிற நாற்காலி. எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு. உள்ளறையில் கட்டிலும் மெத்தையும், அதன் மேல் சலவை விரிப்பும் இருந்தன. படுக்க ஆளில்லாத கட்டிலுக்கு அவ்வளவு வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. செத்துப்போனவருக்கு இருக்கிற சவுகரியம் உயிரோடு இருக்கிற நமக்கு இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனுசன் இப்படி ஒரு அட்டை விடாமல் படிக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. மாடிப்படி வந்ததும் நின்றுவிட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கியே இருக்கிறேன்."

"நான் மட்டும் மேல போய் இன்னாத்த பாக்கப் போறேன்? வாங்க, பின்னாடி நெழல் இருக்கான்னு பாப்போம்," என்றேன்.

பின்பக்கம் சரிவான கல்தளம். மேலே ஓடு வேய்ந்திருந்தார்கள். அங்கே அந்த வக்கீலின் கார் நின்றது. எங்கள் ஊர்ப் பெருசுகள் பிளஷர் என்பார்களே, அந்தக் காலத்து நீளமான கறுப்புக் கார். இரண்டு நாளில் என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான். பையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார். விளக்கு வளையத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா கனம் பாரு. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா."

காருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் திண்டு இருந்தது. கயிறு கட்டாத திண்டு. நான் போய் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பூச்செடிப் பாத்தியின் ஓரத்தில் சாய்த்து நட்டிருந்த செங்கல் ஒன்றைப் பிடுங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். மலையில் ஜீப் ஓட்டுகிற யாரும் ஹேண்ட் பிரேக்கை நம்ப மாட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி ஏற ஆரம்பித்தால், சாமை மூட்டை இறக்க நின்றாலும் சரி, டீ குடிக்க நின்றாலும் சரி, முதல் வேலை பின்சக்கரத்துக்குக் கல் போடுவதுதான். எங்கள் ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில் அதற்கென்றே ஒரு கருங்கல் உண்டு. மேடு பள்ளமே இல்லாத எங்கள் தெருவில் நிறுத்தினாலும் அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். சரிவில் ஒரு வண்டி கல் இல்லாமல் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அது யாருடைய வண்டியாக இருந்தால் என்ன?

செங்கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டையில் வைத்தார். வழக்கம்போல் இறுக்குவதற்குக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். கல் இறுகவில்லை. டயருக்கு அடியில் நழுவிப் போனது. இன்னொரு தள்ளுத் தள்ளினார். அது டயருக்கு அடியிலேயே போய் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

அந்தக் கார் தரையில் நிற்கவில்லை. நான்கு மூலையிலும் இரும்பு முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார்கள். டயர்கள் அந்தரத்தில் தொங்கின. இடையில் செங்கல் புகுந்து போகிற அளவுக்கு இடைவெளி. உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யோவ், இன்னா பண்ற? கல்ல ஏன்யா புடுங்குன?"

"சரிவுல நிக்குதுங்களே, அதான்..."

"அது எங்கியும் ஓடாதுய்யா. ஸ்டாண்டு மேல கீது. கண்ணு தெரில?"

என் வீட்டுக்காரர் மெதுவாகக் குந்தி, டயருக்கு அடியில் கையை விட்டார். கை தடங்கல் இல்லாமல் உள்ளே போனது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.  போன வாரம் வரைக்கும் இந்தக் கண்ணோடுதான் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறார். லேசாக மங்கல் அடிக்கிறது என்றுதானே என்னிடம் சொன்னார்? அந்த அட்டைகளில் ஒன்றையும் அவர் படிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, கோச்சிக்காதீங்க," என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் என்னையும் இவரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். செங்கல்லை எடுத்துப்போய்ப் பாத்தியில் நட்டு, மண்ணை மிதித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் திண்டைக் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"நேத்து ஊத்துன மருந்து இன்னும் எறங்கல போலருக்குது," என்றார்.

"அது நேத்து ராத்திரியே எறங்கிட்டுது."

"ஆமா."

திட்ட வேண்டும் என்றிருந்தது. ஜீப்பில் வந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள் எல்லாரும் கண் முன்னால் வந்தார்கள்.  அத்தனை களைப்பிலும் அந்தத் திண்டில் சாயக்கூட முடியவில்லை.

"எல்லா வளைவும் எனக்கு மனப்பாடம்," என்றார். "எங்க திருப்பணும், எங்க ஆரன் அடிக்கணும், எல்லாம். அத வச்சித்தான் ஓட்டிக்கினு இருந்தேன்."

"எதுருல ஒரு ஆடு வந்தா?"

 மாடியில் யாரோ நடக்கிற சத்தம் பின்பக்கம் வரை கேட்டது.

"கெளம்பலாமா? டாக்டரு வந்துடுவாரு," என்றேன்.

எழுந்தார். என் தோளில் கையை வைத்தார். நாலு பேர் இருக்கிற இடத்தில் இத்தனை வருசத்தில் அப்படி வைத்ததில்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்றார்.

"வண்டிய வாங்க வர்றவன்கிட்ட நீ மறக்காம சொல்லிடு," என்றார். "கல்லு சீட்டுக்கு அடியில இருக்குது."