நிலத்தில் குத்திய பந்து

அந்த வலது கை விரல்களை நிமிர்த்திவிட நான் மூன்று வாரம் மினக்கெட்டேன். சுவிஸின் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குக் காலை வேலை. வெந்நீர்த் துணி சுற்றி ஒவ்வொரு விரலாக நீவிவிடுவேன். வாதம் என்றுதான் நினைத்தேன். பொறுமையாகக் கையைத் தந்துகொண்டிருந்த கியூபாப் பெரியவர் ஒருநாள் சிரித்துவிட்டார். பேஸ்பால் விளையாட்டில் உடைந்த விரல்களாம். கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளர்போல, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவர் அவர். அமெரிக்காவில் கறுப்பர்களுக்குத் தனி லீக் இருந்த காலம். கியூபாவிலிருந்து ஆடப்போன இடத்தில், நிறம் வெளுத்த அண்ணனை வெள்ளையர் குழு எடுத்துக்கொண்டது. இவரைக் கறுப்பர் குழுவின் பழைய பஸ் ஏற்றிக்கொண்டது. நடுவிரல் முறிந்த அன்று, அந்த ஊர் ஆஸ்பத்திரி தன்னைச் சேர்க்காது என்று தெரிந்து, குச்சி வைத்துக் கட்டிக்கொண்டு ஆட்டத்தை முடித்தாராம்.

இதை அவருடைய மகளே நம்பவில்லை. அந்தக் கால ஆட்டக்காரர்களின் எந்தப் பட்டியலிலும் அப்பாவின் பெயர் இல்லை, வயது போகப் போகக் கதையும் வளர்கிறது என்றார். பெரியவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தில், ஆற்றங்கரை மைதானத்தில் ஞாயிறுகளில் பேஸ்பால் ஆடும் குழுவின் பயிற்சியாளரிடம் நேரே போய்க் கேட்டேன். கூட்டிவரச் சொன்னார். மகளையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எறிய அந்தக் குழுவில் எல்லோரும் தயங்கினார்கள். என் கணவர் முன்வந்தார். இவர் எங்கள் தமிழ்க் கிரிக்கெட் குழுவின் பந்துவீச்சாளர், அதுதான் வினையாகப் போனது.

"இஞ்சருங்கோ, மெதுவாப் போடுங்கோ."

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதோ?"

பேஸ்பாலில் பந்து நிலம் தொடாமல் போகவேண்டும். இவரோ பழக்கதோஷத்தில் கையைச் சுழற்றி நிலத்தில் குத்திப் போட்டார். பந்து நாற்காலிக்கு முன்னால் விழுந்து கோணலாக எழும்பியது.

பெரியவர் விலகவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், இடது கையில் மாட்டியிருந்த குழுவின் கையுறையை விரல்கள் நிலம் பார்க்கத் திருப்பினார், நெஞ்சை முன்னே சாய்த்தார். பந்து கையுறைக்குள் அடங்கிவிட்டது. நான் சின்னப்பிள்ளைபோலக் கத்தினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டார். குத்தி வரும் பந்தை இப்படி மறிக்கத்தான் தன் ஆட்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுவதாகப் பயிற்சியாளர் சொன்னார். பிறகு அன்றைய ஆட்டத்தாளில், பந்து பிடிப்பவருக்கான வரியில், பெரியவரின் பெயரை எழுதி அவர் கையிலேயே கொடுத்தார்.

பெரியவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"இவையெல்லாம் வெள்ளைக்காரரோ?" என்று ஜெர்மனில் என்னைக் கேட்டார்.

"ஓம் ஐயா."

"நானும் இவையும் ஒரே குழுவோ?"

நான் வாய் திறக்குமுன் மகள் அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்துவிட்டார்.

"ஓம் அப்பா. ஒரே குழுதான்."